தாத்தாவின் அம்பாசடரை விற்கப் போறீங்களா? முதல் ரேட்டுக்குத் தலையாட்டும் முன் இதைப் படியுங்கள்

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில், தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது ஒரு அம்பாசடர். இல்லையென்றால் ஒரு ஃபியட், ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஓட்டிய தாத்தா இப்போது இல்லை. வீட்டை இடித்துக் கட்ட வேண்டும், காரை எடுத்தாக வேண்டும். தெருமுனை மெக்கானிக் "ஐம்பதாயிரம் கிடைச்சாலே லாபம் சார்" என்கிறார். இணையத்தில் தேடினால் அதே மாடலுக்கு ஒருவர் எட்டு லட்சம் கேட்டு விளம்பரம் போட்டிருக்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அன்று இரவே சண்டை ஆரம்பம்.

இந்த இரண்டு எண்களில் எதை நம்புவது? உண்மையில் இரண்டுமே அந்தக் காரைத் திறந்து பார்த்துச் சொன்னவை இல்லை. ஒன்று வாங்க நினைப்பவரின் ஆசை, இன்னொன்று விற்க நினைப்பவரின் ஆசை. நம் காரின் மதிப்பை நாமே கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை மாறினால்தான் பணம் போகும்.

ஒரே காருக்கு மூன்று விலை

பழைய காருக்கு 'இதுதான் மார்க்கெட் ரேட்' என்று ஒற்றை விலை கிடையாது. யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து மூன்று விலைகள் இருக்கின்றன.

முதலாவது, காயலான் கடை விலை. இரும்பு எடையும், கழற்றி விற்கக்கூடிய உதிரிபாகங்களும் மட்டுமே கணக்கு. ஒரு அம்பாசடர் சுமார் 1,100 கிலோ இருக்கும். உங்கள் ஊர் இரும்புக் கடை ரேட்டை விசாரித்தால் இந்த அடிமட்ட விலை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஓட்டுபவரின் விலை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு ரவுண்டு போக, கல்யாணத்துக்கு அலங்கரித்து எடுக்க, சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட நினைப்பவர் தருவது. அவருக்குக் கார் ஓட வேண்டும், ஆர்.சி. சரியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சேகரிப்பாளரின் விலை. இவர் பார்ப்பது அசல் தன்மையை. கம்பெனியில் இருந்து வந்த இன்ஜினா, அதே கலரா, முதல் ஓனர் யார், அன்றைய பில் இருக்கிறதா?

முதல் விலைக்கும் மூன்றாவது விலைக்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம் வரலாம். மதிப்பீடு என்பது உங்கள் கார் இந்த மூன்றில் எந்த வரிசையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதுதான்.

முதலில் அது என்ன கார்?

'அம்பாசடர்' என்று மட்டும் சொன்னால் போதாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய இந்தக் கார், 2014 மே மாதம் வரை உற்பத்தியில் இருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல் வந்ததால் மார்க் 1, மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா, 1800 ஐ.எஸ்.இசட் என்று பல தலைமுறைகள். தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். முன்பக்கக் கிரில், பானட், டேஷ்போர்டு ஆகியவற்றில்தான் வித்தியாசம் தெரியும். மார்க் 1-க்கு அலைகிற கூட்டம் 2005 மாடல் டாக்ஸிக்கு வராது.

ஃபியட்டும் அப்படித்தான். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த ஃபியட் 1100, 1970-களின் முற்பகுதியில் பிரீமியர் பிரெசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆனது. வீட்டில் எல்லாவற்றையும் 'ஃபியட்' என்றுதான் சொல்வார்கள். ஆர்.சி.யில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம்ம ஊர்க் கார். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு வந்த இந்தக் காரின் நான்கு கதவு மாடல் இந்தியாவில் மட்டுமே வந்தது. உற்பத்தி குறைவு, மிச்சமிருப்பதும் குறைவு. ஆனால் பாகங்கள் கிடைப்பதும் கஷ்டம். அரிதாக இருப்பது விலையை ஏற்றும், பாகம் கிடைக்காதது அதே விலையை இறக்கும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: தயாரிப்பு ஆண்டு, மாடல், முதல் பதிவு தேதி, சேஸிஸ் எண், இன்ஜின் எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆர்.சி.யில் இருப்பதை ஒரு பக்கம், காரில் பொறித்திருப்பதை மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் அடுத்த எல்லா பேச்சுக்கும் அடிப்படை.

கார் யார் பெயரில் இருக்கு?

இங்கேதான் பெரும்பாலான பரம்பரைக் கார்களின் விலை சரிகிறது. பேரனோ பேத்தியோ காரைத் துடைத்து, போட்டோ எடுத்து, விளம்பரம் போட்டுவிடுவார்கள். ஆனால் ஆர்.சி. இன்னமும் தாத்தா பெயரிலேயே இருக்கும்.

பதிவு உரிமையாளர் இறந்தால், வாகனம் யார் கைக்கு வருகிறதோ அவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், இறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவை. நடைமுறையில் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள். காலக்கெடு தாண்டிவிட்டால் கதவு மூடிவிடாது. தாமதக் கட்டணமும் கூடுதல் அலைச்சலும்தான்.

'எல்லாருக்கும் ஓகேதான்' என்ற வாய் வார்த்தை இங்கே போதாது. உயில் இல்லாவிட்டால், வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள அனைவரின் சம்மதமும் வேண்டும். கல்யாணமாகிப் போன அத்தைக்கும் பங்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் அட்வான்ஸ் வாங்கினால், கடைசி நேரத்தில் டீல் நின்றுபோகும். காரோடு உறவும் போகும்.

இன்னொரு சிக்கல், பழைய பதிவெண். 'டி.என்.' வருவதற்கு முன் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் மூன்றெழுத்துப் பதிவெண் உள்ள பல கார்களின் விவரம் அலுவலகப் பதிவேட்டில் மட்டும் இருக்கும், 'வாகன்' கணினித் தளத்தில் இருக்காது. எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால், பதிவு செய்த அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பசுமை வரி பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இதெல்லாம் விற்பனைக்குப் பிறகு பார்க்க வேண்டிய வேலை மாதிரித் தோன்றும். ஆனால் ஆர்.சி. இல்லாத கார் வாங்குபவருக்கு ஒரு பாகக் குவியல்தான். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது காயலான் கடை விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

50 வயசானா 'விண்டேஜ்' ஆயிடுமா?

'விண்டேஜ் கார் சார், ரேட் அதிகம்' என்று சொல்பவர்கள் நிறைய. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரையறை இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய வழி செய்தது. சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. இப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போகவோ, வாடகைக்கு விடவோ முடியாது. எனவே வாங்குபவர் சேகரிப்பாளர் என்றால் விண்டேஜ் பதிவு அவருக்குப் பிளஸ். கல்யாணத்துக்கு வாடகைக்கு விட நினைப்பவர் என்றால் அதே பதிவு மைனஸ். யாருக்கு விற்கப் போகிறோம் என்று தெரியாமல் இந்தப் பதிவுக்கு ஓட வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் துறையின் பழைய மோட்டார் கட்டண விதியில் 'விண்டேஜ்' என்பது 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான கார். ஆக, ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம். புரோக்கர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

துடைக்கலாம், பெயின்ட் அடிக்கக் கூடாது

காரை விற்பதென்று முடிவானதும் பலர் செய்யும் முதல் வேலை, டிங்கரிங்-பெயின்டிங் ஷெட்டுக்கு அனுப்புவது. பளபளன்னு இருந்தா நல்ல ரேட் வரும் என்ற நினைப்பு. சாதாரண செகண்ட் ஹேண்ட் காருக்கு அது சரியாக இருக்கலாம். கிளாசிக் காருக்குத் தலைகீழ்.

2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஒரு ஏலம் இதற்கு நல்ல உதாரணம். ரோஜே பையோன் என்ற பிரெஞ்சுத் தொழிலதிபர் சேர்த்த கார்கள், மேற்கு பிரான்ஸில் ஒரு பண்ணையில் பல பத்தாண்டுகள் கிடந்தன. வாரிசுகள் ஆர்ட்கியூரியல் ஏல நிறுவனத்தை அழைத்தார்கள். அந்த நிறுவனம் கார்களைப் பழுது பார்க்கவில்லை, பாலிஷ் போடவில்லை, தூசியோடு அப்படியே ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர் சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது.

நம் ஷெட்டில் இருப்பது ஃபெராரி இல்லைதான். ஆனால் வாங்குபவரின் மனநிலை ஒன்றுதான். புது பெயின்டுக்கு அடியில் துரு இருக்கிறதா, பட்டி பூசியிருக்கிறார்களா என்று அவருக்குச் சந்தேகம் வரும். பழைய பெயின்டில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். தவிர, கம்பெனி பெயின்ட், கம்பெனி சீட் துணி, பழைய ஸ்டீயரிங் இவையெல்லாம் ஒருமுறை போனால் திரும்ப வராது. காரை மெதுவாகத் தூசி தட்டினால் போதும். எலிக்கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள். கழற்றிப் போட்ட பழைய ஹப் கேப், விளக்கு, டூல் பாக்ஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பரணில் தேடுங்கள். தாத்தா சேர்த்து வைத்த பில், சர்வீஸ் புத்தகம், காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், எல்லாமே விலை பேசும்போது சாட்சி.

இன்னொன்று: பல வருஷம் நின்ற காரை ஆர்வத்தில் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிலிண்டர் காய்ந்திருக்கும், டேங்கில் பெட்ரோல் கெட்டிருக்கும், ரேடியேட்டரில் தண்ணீர் இருக்காது. ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, பிளக்கைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் அதுவே நல்ல செய்தி.

காந்தம், டார்ச், செல்போன்

நிலையை மதிப்பிட பெரிய கருவி தேவையில்லை. துணியில் சுற்றிய ஒரு சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, டிக்கி விளிம்பு ஆகிய இடங்களில் நகர்த்துங்கள். அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு மூன்றுமே இரும்புத் தகடு பாடி. ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்து, மேட்டைத் தூக்கித் தரையில் ஓட்டை இருக்கிறதா, அடியில் சேஸிஸ் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் உரிந்திருப்பது சின்ன விஷயம். அடித்தளம் அரித்திருப்பதுதான் பெரிய செலவு.

பானட்டைத் திறந்து இன்ஜினைப் பாருங்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து ஒரு காலத்தில் பல அம்பாசடர்களில் டீசல் இன்ஜின் மாற்றினார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்து உள்ளே டீசல் இருந்தால், பெயர் மாற்றும்போதே சிக்கல் வரும். சேகரிப்பாளரும் விலகிப்போவார்.

பிறகு செல்போனில் படங்கள். நாலு பக்கமும், உள்ளே, அடியில், எண்கள் பொறித்த தகடு, துரு, கிழிந்த சீட் என்று குறையையும் சேர்த்தே எடுங்கள். அமெரிக்காவின் ஹேகர்ட்டி நிறுவனம் கிளாசிக் கார்களை நிலைவாரியாக 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது: போட்டிக்கு வைக்கும் தரம், மிக நல்ல நிலை, நல்ல நிலை, சுமாரான நிலை. இந்த அளவுகோலை நம் காருக்கும் போட்டுப் பார்க்கலாம். சொந்தக் காருக்கு மனசு எப்போதும் ஒரு படி கூடுதலாக மார்க் போடும். அதனால் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரையும் மார்க் போடச் சொல்லுங்கள்.

விளம்பர விலை வேறு, விற்ற விலை வேறு

இணைய விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கைமாறிய விலை அங்கே தெரியாது. ஆறு மாதமாக அதே விளம்பரம் அதே விலையில் இருந்தால், அந்த விலைக்கு ஆள் வரவில்லை என்றுதான் அர்த்தம். அதே மாடல், பக்கத்து ஆண்டுகள், ஒத்த நிலையில் உள்ள ஏழெட்டுக் கார்களைக் குறித்துவைத்து, நாலு வாரம் கவனியுங்கள். எது மறைகிறது, எது விலையைக் குறைக்கிறது என்று பார்த்தாலே ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்து, தெரிந்தவர்களிடம் கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு எந்தக் கார் யாரிடமிருந்து யாருக்கு என்ன விலைக்குப் போனது என்பது ஓரளவு தெரிந்திருக்கும். கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய் வந்தால், அசல் நிலை என்றால் எப்படியிருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். எழுத்துப்பூர்வ மதிப்பீடு வேண்டுமென்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற வாகன மதிப்பீட்டாளரை அணுகலாம். உங்களிடம் மதிப்பீட்டுக் கட்டணம் வாங்குபவரே காரையும் வாங்குபவராக இருக்கக் கூடாது. அதுதான் முக்கியம்.

பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐ.டி.வி.யை விலையாக நினைக்க வேண்டாம். ஐந்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு அது கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொண்ட தொகை மட்டுமே.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

இது கற்பனை எண்களில் ஒரு உதாரணம். உங்கள் மாடல் கார், நல்ல நிலையில், சமீபத்தில் ரூ.4 லட்சத்துக்குக் கைமாறியது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காரை அந்த நிலைக்குக் கொண்டுவர டிங்கரிங்-பெயின்டிங் ரூ.1.20 லட்சம், இன்ஜினும் பிரேக்கும் ரூ.60,000, சீட், ஒயரிங், டயர் ரூ.50,000, பதிவு புதுப்பிப்பு, வரி, அலைச்சல் ரூ.20,000. மொத்தம் ரூ.2.50 லட்சம். மிச்சம் ரூ.1.50 லட்சம். பிரித்த பிறகுதான் தெரியவரும் கூடுதல் செலவுக்காக வாங்குபவர் இன்னும் முப்பது, நாற்பதாயிரம் கழிப்பார். ஆக, இன்றைய நிலையில் நியாயமான விலை ரூ.1.10 முதல் 1.20 லட்சம் வரை.

இப்போது கவனியுங்கள். நீங்களே ரூ.2.50 லட்சம் போட்டு ரிப்பேர் செய்து ரூ.4 லட்சத்துக்கு விற்றாலும் கையில் நிற்பது அதே ரூ.1.50 லட்சம்தான். நடுவில் செலவு எகிறும் ரிஸ்க்கும் உங்களுடையது. ஆனால் அந்தப் பட்டியலில் மிகச் சின்னச் செலவான ரூ.20,000-ஐ, அதாவது பேப்பர் வேலையை மட்டும் முடித்தால்கூடப் போதும், கார் காயலான் கடை வரிசையிலிருந்து ஓட்டுபவர் வரிசைக்கு ஏறிவிடும். விற்பதற்கு முன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால், ஆர்.சி.க்குச் செய்யுங்கள்.

பணம் கை மாறும்போது

குடும்பத்துக்குள் குறைந்தபட்ச விலையை முதலிலேயே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் காரை வைத்துக்கொள்ள விரும்பினாலும் இதே மதிப்பீடுதான் உதவும். மற்றவர்களின் பங்கைக் கொடுத்துவிட்டு அவர் எடுத்துக்கொள்ளலாம். பின்னாளில் 'நீ சும்மா எடுத்துக்கிட்டே' என்ற பேச்சு வராது.

ரூ.2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே வாங்குங்கள். சொந்தப் பயன்பாட்டில் இருந்த காரை விற்றால் வரும் தொகைக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வியாபாரக் கணக்கில் காட்டி தேய்மானம் கோரிய காராக இருந்தால் மட்டும் ஆடிட்டரிடம் கேளுங்கள். பழைய கார் விற்பனைக்கான ஜி.எஸ்.டி., பதிவு பெற்ற வியாபாரிகளுக்குத்தான். தனிநபர் தன் காரை விற்பதற்கு இல்லை.

படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடியாது. வாங்குபவர் பெயருக்கு ஆர்.சி. மாறிவிட்டதா என்று எம்-பரிவாகனில் பாருங்கள். அதுவரை விபத்தோ அபராதமோ உங்கள் பெயரைத்தான் தேடி வரும். விற்பனை ரசீதில் தேதியோடு, காரை ஒப்படைத்த நேரத்தையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். விண்டேஜ் பதிவுள்ள கார் என்றால், விற்றவரும் வாங்கியவரும் 90 நாட்களுக்குள் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

"இன்னிக்கே முடிச்சிடலாம், நாளைக்கு இந்த ரேட் இருக்காது" என்று யாராவது அவசரப்படுத்தினால், அட்வான்ஸ் வாங்காமல் நம்பரை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் ஷெட்டில் நின்ற கார், இன்னும் ஒரு மாதம் நின்றால் குறைந்துவிடாது. அந்த ஒரு மாதம் வாரிசுச் சான்றிதழுக்கும், காந்தத்துக்கும், நாலு பேரிடம் விசாரிப்பதற்கும் போதும்.